வயலின் மேலே வானம் – அத்தியாயம் 9: விழுவதற்கென்று கட்டிய விமானம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகின்ற பாதையில், முதல் சில கொண்டை வளைவுகளைக் கடந்தபின் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சமவெளியை நோக்கித் திரும்பிப் பார்ப்பவருக்கு, அணையின் நீர்ப்பரப்பும், அதற்கப்பால் கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் மரவள்ளியுமாக மாறி மாறிக் கிடக்கும் நிலப்பரப்பும், வரப்போரம் வரிசை பிடித்து நிற்கும் பனைகளும் ஒரே காட்சியாகத் தோன்றும். ரசிகர் அதனை அழகென்பார். ரெவினியூ உத்தியோகஸ்தர் நன்செய் இது, புன்செய் அது என்று பிரித்துப் பார்ப்பார். சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலரோ இந்தப் பருவத்தில் எத்தனை டன் வெட்டுக்கு வரும் என்று மனக்கணக்குப் போடுவார். ஆனால் பயிருக்கு மருந்து தெளிக்கும் ஆகாய விமானத்தை ஓட்டிப் பழகிய ஒருவர் அதே வளைவில் வந்து நின்றாரானால், அவருடைய கண் இவை எதிலும் தங்காமல், இந்த க்ஷணத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் எங்கே கொண்டுபோய் இறக்குவது என்ற ஒரே கேள்வியோடு கழனிக்குக் கழனி தாவிக்கொண்டிருக்கும்.

அந்தக் கண்ணுக்கு நம் ஊர் நிலம் வேறு விதமாகத் தெரியும். தண்ணீர் கட்டிய நெற்கழனி மேலிருந்து பார்க்கையில் மேஜை விரித்தாற்போலச் சமமாக இருக்கும். சக்கரம் சேற்றில் புதைந்த மாத்திரத்தில் விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு கரணம் போட்டுவிடும். விளைந்த கரும்புத் தோட்டத்தின் பச்சை தரையைப்போல மயக்கும். உண்மைத் தரையோ அதற்கு இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே இருக்கும். மரவள்ளிக் கொல்லையில் பார் பாராக மேடும் பள்ளமும் உண்டு. பாருக்குக் குறுக்கே இறங்கினால் சக்கரக் கால்கள் முறியும். மல்லாட்டை பிடுங்கி வெறுமையாய்க் கிடக்கும் செம்மண் கொல்லை ஒன்று அகப்பட்டால் அது பாக்கியம். ஆனால் அதன் நடுவிலும் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு ஒன்று வாய் பிளந்திருக்கும். கிணறு இருந்தால் மோட்டார் கொட்டகை இருக்கும். கொட்டகைக்கு மின்கம்பமும், கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தொய்ந்து தொங்கும் கம்பியும் இருக்கும். வேனிலில் நீர் வற்றிய ஏரி நல்ல இடந்தான். அதிலும் கருவேலம் வளர்த்துவிட்டார்கள்.

பூச்சி மருந்து மனிதனுடைய தோளிலிருந்து எவ்வாறு ஆகாயத்துக்கு ஏறிற்று என்ற கதையைச் சென்ற அத்தியாயங்களில் கண்டோம். ஏறியவன் இறங்கியாகவேண்டும், அதுவும் தான் தேர்ந்தெடுக்காத நேரத்தில், தான் தேர்ந்தெடுக்காத இடத்தில் இறங்கவேண்டிய சந்தர்ப்பம் வேறெந்த விமானிக்கும் வாய்ப்பதைக் காட்டிலும் இவனுக்கு அதிகமாக வாய்த்தது. அந்த அவசர இறக்கத்தின் சரித்திரமே இந்த அத்தியாயம்.

ஆரம்பத்தை மறுபடி ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1921-ஆம் வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் டிராய் என்னும் ஊருக்கருகே புழு விழுந்து இலையிழந்துகொண்டிருந்த கட்டால்பா மரத்தோப்பு ஒன்றின்மேல், ராணுவ விமானியான லெப்டினன்ட் ஜான் மெக்ரெடி என்பவர், யுத்த காலத்துக் கர்ட்டிஸ் ஜென்னி விமானம் ஒன்றின் பக்கவாட்டில் எட்டியென் டார்மாய் என்னும் பொறியாளர் அமைத்துக் கொடுத்த பெட்டியிலிருந்து ஈய ஆர்சனேட் பொடியைத் தூவச் செய்துகொண்டு, மர உச்சிகளுக்குச் சற்றே மேலாகப் பல முறை பறந்தார். தூவுவதற்குச் செலவான நேரம் எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. புழுக்கள் மடிந்து கொட்டின. உலகத்தின் முதல் மருந்து விமானி என்ற பெயர் மெக்ரெடிக்கு நிலைத்தது.

சரித்திரக்காரர்கள் இவ்வளவோடு அவரை விட்டுவிடுவது வழக்கம். ஆனால் நம்முடைய விஷயத்துக்கு அவருடைய வாழ்க்கையின் இன்னொரு இரவு அதிக முக்கியமானது. மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 1924 ஜூன் மாதத்தில், டேட்டன் நகரத்துக்கு மேலே இருட்டில் பறந்துகொண்டிருந்த அதே மெக்ரெடியின் விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. இறங்குவதற்கு வெளிச்சமும் இல்லை, வெளியும் இல்லை என்று கண்டுகொண்ட அவர், விமானத்தை அதன் விதிக்கு விட்டுவிட்டுப் பாராசூட்டோடு இருளில் குதித்துப் பிராணனைக் காப்பாற்றிக்கொண்டார். ஆபத்துக் காலத்தில் இரவில் பாராசூட் துணையோடு குதித்துத் தப்பியவர்களில் அவரே முதல்வர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே மனிதர், ஒரே விதமான துர்ச்சம்பவம் இரண்டு இடங்களிலும் நேர்ந்திருக்கக்கூடும். டேட்டன் நகரத்து ஆகாயத்தில் அவருக்குக் காலடியில் உயரம் இருந்தது. யோசிக்க அவகாசமும், பட்டுக்குடை விரிய இடமும் இருந்தன. டிராய் தோப்பின்மேல் அந்த எஞ்சின் ஓர் இருமல் இருமியிருந்தாலோ, பாராசூட் அவருக்கு உட்காரும் மெத்தைக்கு மேல் உபயோகப்பட்டிருக்காது.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மருந்து விமானம் பயிர் நுனிக்கு மேலே இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகிறது. உயரம் அதிகமானால் மருந்து பயிரில் விழாமல் காற்றோடு பக்கத்து ஊருக்குப் போய்விடும். ஆகையால் தாழ்வாகப் பறப்பது சாகசமன்று, தொழில். அந்த நிலையில் எஞ்சின் நின்றால் விமானியினிடம் மிஞ்சியிருக்கும் ஆஸ்தி வேகம் ஒன்றே. கைப்பிடியை இழுத்து மூக்கை உயர்த்தி அந்த வேகத்தை உயரமாக மாற்றிக்கொள்ளலாம்: 160-லிருந்து 110 வரையில் வேகத்தைச் செலவழித்தால், பௌதிக சாஸ்திரப்படி ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம் கிடைக்கவேண்டும். காற்றின் தடையும், சுழலாமல் நிற்கும் விசிறியும், இறக்கைக்கடியில் நீண்டிருக்கும் தெளிப்புக் குழாய்களும் தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டபின் நாற்பது மீட்டர் மிஞ்சினால் அதிகம். அங்கிருந்து சரிந்து இறங்கும்போது ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஆறேழு மீட்டர் முன்னே போகலாம் என்று வைத்துக்கொண்டாலும், எஞ்சின் நின்றது முதல் சக்கரம் தரையைத் தொடுவது வரை அந்த மனிதனுக்குக் கிடைப்பது பன்னிரண்டு, பதினைந்து விநாடி. இந்தப் பத்தியை வாசகர் படித்து முடிக்க அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

அந்தச் சில விநாடிகளில் செய்யவேண்டியவை மூன்று, செய்யக்கூடாதது ஒன்று. வேகத்தை உயரமாக்குவது முதல் வேலை. மருந்துத் தொட்டியின் அடிக்கதவைத் திறந்து மிச்சச் சுமை முழுவதையும் கொட்டிவிடுவது இரண்டாவது. காற்றெதிரே, கண்ணுக்கு நேரே தெரிகின்ற இடங்களுக்குள் குறைந்த கெடுதலானதை நிச்சயித்துக்கொள்வது மூன்றாவது. செய்யக்கூடாதது, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம் என்று ஆசைப்படுவது. உயரமின்றி, வேகமின்றித் திரும்ப முயன்ற விமானம் உள்பக்கத்து இறக்கையில் தூக்கும் சக்தியை இழந்து, திருகிக்கொண்டு தலைகீழாக விழும். நேரே போய் வரப்பில் மோதியவர்கள் பிழைத்திருக்கிறார்கள், திரும்பியவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. ஒவ்வொரு சால் முடிவிலும் மேலே எழும்பி, ஒரு புறம் சாய்ந்து, வட்டமிட்டு, அடுத்த சாலுக்கு இறங்குவதே இத்தொழிலின் ஓயாத நியமம். அந்தத் திருப்பத்தின் உச்சியில், வேகம் மிகக் குறைந்திருக்கிற தறுவாயில், எஞ்சின் கைவிடுவதே எல்லாவற்றிலும் கொடிது.

சுமையைக் கொட்டுவதில் உள்ள நன்மை வெளிப்பார்வைக்குத் தோன்றுவதைவிடப் பெரியது. விமானத்தின் மொத்த எடையில் கால் பங்கு மருந்து என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொட்டிவிட்டால், காற்றில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு குறைகிறது. எடையும் குறைந்து வேகமும் குறைவதால், தரையில் மோதும்போது அடக்கப்படவேண்டிய சக்தி ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடுகிறது. ஒரு நெம்புகோலை இழுத்த மாத்திரத்தில் மரணத்தின் பலத்தில் பாதி போய்விடுகிறதென்றால், அந்த நெம்புகோலை விமானியின் இடக்கைக்கு எட்டும் இடத்தில் வைத்தவன் புண்ணியவான்.

இந்த அறிவெல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடவில்லை. முதல் இருபத்தைந்து முப்பது வருஷங்களுக்கு மருந்து விமானம் என்பது பெரும்பாலும் வேறு எதற்கோ செய்து, பயன் தீர்ந்து, மலிவு விலைக்குத் தள்ளிய விமானத்தில் ஒரு தொட்டியைச் செருகியதேயாகும். முதல் உலக யுத்தத்தின் ஜென்னிகள் முதலில்; இரண்டாவது யுத்தத்தின் ஸ்டியர்மன், டைகர் மாத் என்னும் பயிற்சி விமானங்கள் பிறகு. பருத்திக் காய் வண்டுக்காக அமெரிக்காவின் தென்பகுதியில் பொடி தூவக் கிளம்பிய ஹஃப்–டேலண்ட் கம்பெனி பிற்காலத்தில் டெல்டா என்னும் பெரிய பிரயாணி விமானக் கம்பெனியாக வளர்ந்த வேடிக்கையையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லி மேலே போகலாம். அந்தப் பழைய விமானங்கள் சிலவற்றில் தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவசர இறக்கத்தில் விமானம் சட்டென்று நின்றாலும் பின்னாலிருந்த நூற்றுக்கணக்கான ராத்தல் மருந்து நிற்காது. தரையில் பிழைத்த மனிதனை அவன் சுமந்துவந்த சரக்கே கொன்றது.

இதை ஒரு சாஸ்திரமாக முதலில் யோசித்தவர் ஹ்யூ டி ஹேவன் என்பவர். முதல் யுத்தத்தில் விமானப் பயிற்சியின்போது நடுவானத்து மோதல் ஒன்றில் தப்பிய அவர், தம் உடம்பில் பட்ட காயங்களுக்கு வீழ்ச்சி காரணமா, வாரின் கொக்கி காரணமா என்ற கேள்வியை ஆயுள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் சாகாதவர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, 1942-ல் கார்னெல் சர்வகலாசாலையில் விபத்துக் காய ஆராய்ச்சியை ஆரம்பித்தார். மனிதன் சாவது விழுந்ததனாலன்று, நின்ற விதத்தினால் என்பதே அவர் கண்ட முடிவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற உடல் மூன்று மீட்டர் தூரத்தில் நின்றால் புவியீர்ப்பைப்போலப் பதின்மூன்று மடங்கு பலம் அதன்மேல் விழுகிறது. நல்ல வார் போட்டுக் கட்டியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். அதே வேகம் முப்பது சென்டிமீட்டரில் நின்றால் நூற்று முப்பது மடங்கு. தாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்தப் பாடத்தை விமானமாகக் கட்டியவர் ஃபிரெட் வைக். டெக்ஸாஸ் விவசாயக் கலாசாலையில் அவர் வடிவமைத்து 1950 டிசம்பர் 1-ந் தேதி முதன்முதலாகப் பறந்த ‘ஏஜி–1’ என்ற விமானந்தான், பயிர் வேலைக்கென்றே ஆதிமுதல் சிந்தித்துச் செய்யப்பட்ட முதல் விமானம் என்று கொண்டாடப்படுகிறது. எஞ்சின் முன்னே, அதற்குப் பின்னே மருந்துத் தொட்டி, அதற்கும் பின்னே, எல்லாவற்றுக்கும் மேலாக, சிம்மாசனத்தில் உட்கார்ந்தாற்போல விமானி. மோதினால் மூக்கு முதலில் நசுங்கும். பிறகு தொட்டி நசுங்கும். அவை நசுங்குகிற அந்த மூன்று மீட்டரில் வேகம் அடங்கும். அவனைச் சுற்றியிருக்கும் உருக்குக் கூடு மட்டும் நசுங்காது. பைப்பர் கம்பெனியின் பானி, கிரம்மன் கம்பெனியின் ஏக்–கேட், செஸ்னாவின் ஏக்–வேகன் ஆகிய பின்னாளைய விமானங்களெல்லாம் இந்த வழிவந்தவை. கம்பியில் சிக்கினால் அறுப்பதற்குச் சக்கரக் கால்களின் முன்விளிம்பில் கத்திகள். கண்ணாடிக்கு முன்னே இன்னொரு கத்தி. விமானியின் தலைக்கு மேலிருந்து வால் நுனி வரை இழுத்துக் கட்டிய உருக்குக் கயிறு. மற்ற விமானங்களையெல்லாம் விழாதிருக்கும்பொருட்டுக் கட்டினார்கள். இதை மட்டும் ஒரு நாள் விழும் என்று ஒப்புக்கொண்டு, விழுந்தபின் உள்ளேயிருப்பவன் நடந்து வெளியே வரவேண்டுமென்று கட்டினார்கள். விமானச் சிற்பத்தில் இதைவிட நேர்மையான ஒப்புதலை நான் அறியேன்.

நம் தேசத்திலும் அவ்வாறான விமானம் ஒன்று பிறந்தது. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் உருவான எச்.ஏ.–31 என்னும் விமானத்துக்குப் ‘பசந்த்’ என்று பெயரிட்டார்கள். வசந்தம் என்று பொருள். முதல் வடிவம் திருப்தி தராமற்போகவே, விமானியின் ஆசனத்தை உயர்த்தியும் வேறு எஞ்சின் பொருத்தியும் திருத்திய இரண்டாம் வடிவம் 1972 மார்ச் 30-ந் தேதி பறந்தது. ஒருவரே ஏறக்கூடியது, 400 குதிரைச் சக்தியுள்ள லைகாமிங் எஞ்சின், எட்டு சிலிண்டர் கொண்டது, அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டது. 1980-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 39 பசந்துகள் கட்டப்பட்டிருந்தன. டெக்ஸாஸின் எண்ணத்தைப் பெங்களூர்க் கைகள் திறமையாகவே செய்து முடித்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தச் சமவெளியைப் பார்க்கும்போது, அந்த விமானத்துக்கு இங்கே என்ன வேலை இருந்திருக்கும் என்ற சந்தேகம் உண்டு. ஒரு ஏக்கர் நிலத்தைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் பக்கம் 64 மீட்டர். 160 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஒன்றரை விநாடி. ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை நெல் கரும்பாகவும், கரும்பு மரவள்ளியாகவும், மரவள்ளி மாட்டுக்கொட்டகையாகவும் மாறுகின்ற பூமியில் மருந்தை எங்கே திறப்பது, எங்கே மூடுவது? மல்லாட்டைக் கொல்லைகளில் முதல் மழைக்குப்பின் புறப்பட்டு ஊர் ஊராக நடந்து போகும் சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு மட்டும் வரப்பு பேதமில்லை. அதற்கு எதிரே ஊரே ஒன்றுகூடிப் பள்ளம் தோண்டி, இரவில் தீ மூட்டிப் போராடியதை முன்பே எழுதியிருக்கிறேன்.

எஞ்சின் ஏன் நிற்கிறது என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்கவேண்டும். ஏனெனில் இரும்பு முறிந்து நின்ற எஞ்சின்களைக் காட்டிலும் பெட்ரோலினால் நின்ற எஞ்சின்களே அதிகம். பெரிய விமான நிலையத்தில் எண்ணெய் நிரப்ப ஏற்பாடுகள் உண்டு. மருந்து விமானமோ வயலோரத்து மண்பாதையிலிருந்து எழும்புவது. பீப்பாய்களில் லாரியில் வந்த பெட்ரோலைக் கைப்பம்பினால் இறைத்து ஊற்றுவார்கள். வெயிலில் காய்ந்து இரவில் குளிர்ந்த பீப்பாய்க்குள் வேர்த்து ஊறிய தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். அது எஞ்சினுக்குள் சென்றால், எழும்பிய அரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதற்காகவே பதனிட்ட மெல்லிய தோலைப் புனல் வாயில் விரித்து வடிகட்டுகிற வழக்கம் இத்தொழிலில் இருந்தது: அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. காலையில் விமானத்தின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, அடியில் குமிழாக நீர் நிற்கிறதா என்று பார்ப்பது மற்றொரு நியமம். இந்த இரண்டு சின்ன ஆசாரங்களும் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

பெட்ரோல் தீர்ந்துபோவது அடுத்த காரணம். ஆச்சரியமாக இருக்கலாம்; ஆனால் அதற்குள்ளே ஒரு வியாபாரத் தர்க்கம் இருக்கிறது. எழும்பக்கூடிய எடை இவ்வளவென்று வரையறுத்தபின், ஒவ்வொரு கிலோ பெட்ரோலும் ஒரு கிலோ மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூலியோ தெளித்த ஏக்கருக்கு. ஆகையால் பெட்ரோலைக் குறைவாக நிரப்பி, இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இழுப்பார்கள். மூன்றாவது காரணம் நம்மவர்க்கு நம்பவே முடியாதது: பனிக்கட்டி. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பத்தினால் உள்ளே வருகின்ற காற்று சட்டென்று குளிர்ந்து, ஈரம் மிகுந்த விடியற்காலையில், வெளியே இருபத்தைந்து டிகிரி வெப்பம் இருக்கும்போதுகூட, அதன் தொண்டையில் உறைபனி படிந்து எஞ்சினை மூச்சுத் திணறச் செய்யும். மருந்து தெளிப்பது காற்றடங்கிய விடியற்காலையில்தானே? பசந்தின் எஞ்சின் கார்ப்பரேட்டரின்றி நேரே பெட்ரோலைப் பீச்சுகிற வகையாதலால் அதற்கு இந்த வியாதி இல்லை. இவற்றோடு, தாழப் பறந்து விழுங்கும் புழுதி, உலோகத்தை அரிக்கும் மருந்து, நிமிஷத்துக்கு ஒருமுறை முழு சக்தியும் உடனே பாதி சக்தியுமாக மாற்றி மாற்றி அடிக்கும் தொழில்முறை, வெயில் ஏற ஏறக் காற்று மெலிந்து எஞ்சினும் இறக்கையும் சேர்ந்தே பலம் குன்றுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விமானியின் உடம்பும் ஒரு யந்திரமே. நம் கிராமங்களில் ‘போலிடால்’ என்று பெயர் பெற்ற பாரத்தியானும் அதன் உறவுகளும் தோல் வழியே உள்ளே சென்றால் கண்மணி சுருங்கும், பார்வை மங்கும், தலை கிறுகிறுக்கும். எஞ்சின் நின்றபின் இருக்கிற பன்னிரண்டு விநாடியில் இரண்டு விநாடியை இந்த மயக்கம் தின்றுவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எஞ்சினைத்தான் குற்றம் சொல்வார்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இதற்கெல்லாம் மேலாக ஒரு சிக்கல் உண்டு. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதியாகக் கிடக்கும் இம்மலை, சமவெளியிலிருந்து மெல்ல மெல்ல உயராமல் சுவரைப்போல எழும்புகிறது. மலையை நோக்கிச் சால் ஓட்டுகிறவன் திரும்புவதற்குத் தரையும் தன்னோடு கூடவே உயர்வதைக் காண்பான். எஞ்சின் அரை மனதாக இழுத்தாலும் மலை அவனைக் காட்டிலும் வேகமாக உயரும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மலையைத் தாண்டி இப்பக்கம் இறங்குகிற காற்று விமானத்தையும் சேர்த்துக் கீழே அழுத்தும். ஆகையால் மலைக்கு இணையாகப் பறக்கவேண்டும், சமவெளிப் பக்கமே திரும்பவேண்டும் என்பது உலகெங்கும் மலையடிவாரத்து மருந்து விமானிகளின் விதி.

இனி, கொட்டிய மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நெம்புகோலைப் புண்ணியம் என்று மேலே எழுதினேன். அது விமானியின் பக்கத்திலிருந்து எழுதியது. அவன் கொட்டியது ஒரு குடம் தண்ணீரன்று. அது கோமுகியின் வாய்க்காலில் விழலாம். மாடு குடிக்கும் குட்டையில் விழலாம். கீழே களையெடுத்துக்கொண்டிருக்கும் பெண்களின்மேல் விழலாம். 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971-ல் செய்யப்பட்ட விதிகளில் 43-ஆவது விதி, ஆகாயத்திலிருந்து தெளிப்பவர்கள் குறைந்தது இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாக ஊராருக்கு அறிவிக்கவேண்டும், இடத்தை அடையாளமிடவேண்டும், சம்பந்தமில்லாத மனிதரையும் கால்நடையையும் உள்ளே விடக்கூடாது, கழுவவும் முதலுதவி செய்யவும் ஏற்பாடு இருக்கவேண்டும், விமானிகள் மருந்தின் விளைவுகளைப் பற்றிப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்றெல்லாம் கூறுகிறது. நல்ல விதி. எஞ்சின் நிற்கப்போவதை மட்டும் இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாக யாரும் அறிவிக்க முடியாது.

ஹெலிகாப்டர் இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். எஞ்சின் நின்றாலும் கீழிருந்து எழும் காற்றினால் மேல் விசிறி சுழன்றுகொண்டே இருக்க, அது சிறிய இடத்திலும் இறங்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்கும் போதிய உயரமோ போதிய வேகமோ வேண்டும், தெளிக்கும்போது இரண்டும் குறைவு. கேரளத்து ரப்பர்த் தோட்டங்களில் இலையுதிர் நோய்க்குத் தாமிர மருந்தை எண்ணெயில் கலந்து ஆகாயத்திலிருந்து தெளித்தார்கள். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டர் தெளித்த எண்டோசல்ஃபான், எந்த அவசர இறக்கமும் இல்லாமலே, இருபது வருஷத்துக்கு மேலாக மனிதர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. 2000-ல் அது நின்றது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தையே தேசம் முழுவதும் தடுத்து உத்தரவிட்டது. அந்தச் சரித்திரத்துக்குத் தனி அத்தியாயமே வேண்டும், வரும்.

இப்போது மருந்து விமானம் மறுபடி நம் வயல்களுக்கு வந்திருக்கிறது, டிரோன் என்ற பெயரில், ஆளில்லாமல். 2021-ல் டிரோன் விதிகளும், அதே வருஷக் கடைசியில் மருந்து தெளிப்பதற்கான நடைமுறையும் வெளியாயின. 2023-ல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 டிரோன்கள் தருவதென்ற மத்திய அரசின் திட்டம் பிறந்தது. பத்து லிட்டர் தொட்டி. ஏக்கருக்குப் பத்து நிமிஷத்துக்குள் வேலை. ஒன்றரை விநாடியில் தாண்டிப் போகவேண்டிய அவசியமின்றி, ஒரு வரப்புக்குள் நின்று திரும்புகிற நிதானம். பசந்துக்கு ஒவ்வாத நம் ஒரு ஏக்கர்க் கழனி இதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. நான்கு விசிறி உள்ள டிரோனில் ஒரு மோட்டார் நின்றால் அது புரண்டு விழும். ஆறு விசிறி உள்ளதானால் அநேகமாகத் தடுமாறிக்கொண்டேனும் தரைக்கு வந்து சேரும். மின்கலம் குறைந்தால் தானே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும் ஏற்பாடு உண்டு. பழைய விமானிகளுக்குச் செய்யக்கூடாததென்று விலக்கியிருந்த ஒரே காரியம் இதற்கு முதல் கடமையாக விதிக்கப்பட்டிருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்குள் விழுந்தால், ஓட்டுகிற பெண் சோகையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

இம்மாவட்டத்திலேயே, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே, இரண்டாம் உலக யுத்தத்துக்காக வெள்ளைக்காரர் அமைத்த ஓடுபாதை ஒன்று உபயோகமின்றிக் கிடப்பதை நெடுஞ்சாலையில் போகிற அன்பர்கள் பலர் அறிந்திருக்கக்கூடும். கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம், அரக்கோணம் என்று தமிழ்நாட்டில் அக்காலத்தில் எழுந்த ஓடுபாதைகளின் வரிசையில் சேர்ந்தது அது. அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம். அது போடப்பட்ட நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் அன்புகூர்ந்து எழுதி அனுப்பவேண்டுகிறேன்.

(தொடரும்)